கைக்கு வந்த அணியும் கையால் வளர்த்த அணியும்: சையத் அப்துல் ரஹீமை எப்படி அளப்பது?

ஆசிய விளையாட்டுப் போட்டிகளின் கால்பந்தில் இந்தியா இதுவரை இரண்டே முறைதான் தங்கம் வென்றிருக்கிறது. முதலாவது 1951, தில்லி. இரண்டாவது 1962, ஜகார்த்தா. இரண்டு முறையும் பயிற்றுநர் ஒருவரே. ஐதராபாத்தைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர் சையத் அப்துல் ரஹீம். இவ்விரண்டு வெற்றிகளுக்கும் இடையே 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா நான்காம் இடம் பெற்றது. அப்போதும் அவரே பயிற்றுநர். 2024இல் வெளியான ‘மைதான்’ என்னும் இந்தித் திரைப்படத்துக்குப் பிறகு அவர் பெயர் பொதுவெளியில் மீண்டும் புழங்கத் தொடங்கியது. அத்துடன் ஒரு பழைய ஐயமும் திரும்ப வந்தது. சூனி கோஸ்வாமி, பி. கே. பானர்ஜி, துளசிதாஸ் பலராம் மூவரும் முன்களத்தில்; ஜர்னைல் சிங் தடுப்பில்; பீட்டர் தங்கராஜ் கோல்வாயில். இப்படி ஓர் அணி கிடைத்தால் யார்தான் வெல்ல மாட்டார்கள்?

இந்த ஐயத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. பயிற்றுநர்களை ஒப்பிடும் எல்லா வாதங்களும் கடைசியில் வந்து முட்டும் இடம் இதுதான். கோப்பைகளை எண்ணிப் பார்த்தால், செல்வந்தரின் மகனையும் கூலிக்காரரின் மகனையும் வங்கி இருப்பைக் கொண்டு ஒப்பிட்ட கதையாகிவிடும். அவரவர் எதிலிருந்து தொடங்கினார்கள் என்பதைச் சேர்த்துப் பார்க்காத கணக்கு கணக்கே ஆகாது.

மொழி வரலாற்றை ஆராய்வோருக்கு இச்சிக்கல் புதிதன்று. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே சந்தையில் கேட்கும் குப்பத்தில் இதற்கு எடுத்துக்காட்டைத் தேடி அலைய வேண்டியதில்லை. கன்னடத்தார் ‘கிவி’ என்பதைத் தமிழர் ‘செவி’ என்கிறோம். கன்னடச் சொல்லின் முதலில் உள்ள ககரம் மூலத் திராவிடத்திலிருந்து அப்படியே வழிவந்தது. தமிழ்ச் சொல்லின் சகரம் பின்னர் நேர்ந்த மாற்றம். ஒரு மொழியின் தனி வரலாற்றை எழுதும்போது வழிவந்து தங்கியவை பெரிதாக எதையும் மெய்ப்பிப்பதில்லை. புதிதாகத் தோன்றியவையே சான்றாகும். எது தங்கியது, எது தோன்றியது என்பதையோ ஒரு மொழியை மட்டும் வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. உடன்பிறந்த மொழிகளை அருகில் வைத்தாக வேண்டும். பயிற்றுநருக்கும் இதே சோதனையை வைக்கலாம். அதே ஆட்டக்காரர்கள் அவர் இல்லாதபோது என்ன செய்தார்கள்?

இங்கிலாந்துக் கால்பந்தில் இச்சோதனைக்கு வாய்ப்பான இணைகள் சில உண்டு. 1959இல் பில் ஷாங்க்லி வந்தபோது லிவர்பூல் இரண்டாம் பிரிவில் கிடந்த அணி. 1974இல் அவர் விலகியபோது அது நாட்டின் முதன்மை அணிகளுள் ஒன்று. அவரிடம் உதவியாளராக இருந்த பாப் பெய்ஸ்லி பொறுப்பேற்று ஒன்பது பருவங்களில் ஆறு லீக் பட்டங்களும் மூன்று ஐரோப்பியக் கோப்பைகளும் வென்றார். கோப்பை எண்ணிக்கையில் பெய்ஸ்லி முந்துகிறார். தொடங்கிய இடத்தைச் சேர்த்தால் ஷாங்க்லியின் வேலை கடினமானது. நல்ல அணி கைக்கு வருவதால் மட்டும் வெற்றி உறுதியாகிவிடாது என்பதற்கும் அங்கேயே சான்று இருக்கிறது. டான் ரெவி 1974இல் லீக் பட்டத்துடன் ஒப்படைத்துச் சென்ற லீட்ஸ் அணியை ஏற்ற பிரையன் கிளஃப் 44 நாள்களில் வெளியேற்றப்பட்டார். அதே கிளஃப் இரண்டாம் பிரிவிலிருந்த நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அணியை ஏற்று, 1978இல் லீக் பட்டத்தையும் 1979, 1980 இரண்டு ஆண்டுகளிலும் ஐரோப்பியக் கோப்பையையும் வென்றார். ஆயத்தமான வீடு சிலருக்குப் பொருந்துவதில்லை போலும்.

இந்தியாவில் ரஹீமின் காலம் இச்சோதனைக்குத் தற்செயலாகவே இடம் தருகிறது. அவர் தேசிய அணியின் பொறுப்பில் இடைவிடாமல் இருந்தவர் அல்லர். ஒரு போட்டிக்கு அவர், அடுத்த போட்டிக்கு வேறொருவர் என்று பொறுப்பு மாறிமாறி வந்தது. கூட்டமைப்பின் அந்தத் தடுமாற்றம் வரலாற்றை ஆராய்வோருக்கு நல்லதாயிற்று.

1948 லண்டன் ஒலிம்பிக்கில் பலாய்தாஸ் சட்டர்ஜியின் பயிற்சியில் ஆடிய அணி பிரான்சிடம் 1–2 என்று தோற்றது. இரண்டு பெனால்டி வாய்ப்புகளை வீணாக்கிய தோல்வி அது. ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடினார்கள். அடுத்து 1951, ரஹீம், தில்லி. இந்தோனேசியாவையும் ஆப்கானிஸ்தானையும் 3–0 என்ற ஒரே கணக்கில் வென்று, இறுதி ஆட்டத்தில் மேவாலாலின் ஒற்றைக் கோலால் ஈரானை வீழ்த்தித் தங்கம். தலைவர் சைலேன் மன்னா. இந்த அணி ரஹீமின் கைக்கு வந்த அணி என்பதை ஒப்புக்கொண்டே ஆகவேண்டும். மன்னா, மேவாலால், அகமது கான் ஆகியோர் அவர் வருவதற்கு முன்பே பெயர் பெற்றவர்கள். அகமது கான் 1948 அணியிலும் ஆடியவர். எனவே 1951 தங்கத்தைக் கொண்டு ரஹீமின் பெருமையை நிறுவ முற்படுவோர் வலுவற்ற சான்றையே எடுக்கிறார்கள்.

அடுத்த ஆண்டு அதைவிடச் சங்கடமானது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இதே ரஹீமின் பயிற்சியில், பெரும்பாலும் இதே ஆட்டக்காரர்கள் யூகோஸ்லாவியாவிடம் 1–10 என்று தோற்றார்கள். குளிரில், ஈரத் தரையில், காலணியில்லாத ஆட்டக்காரர் பலர். ரஹீமைப் போற்றும் கட்டுரைகள் இந்த ஆட்டத்தை ஒற்றை வரியில் தாண்டிச் செல்வதுண்டு. அப்படித் தாண்டக் கூடாது. பழக்கத்தால் வந்த ஆட்டமுறை எதுவரை செல்லும் என்பதற்கு அந்த எண்ணிக்கையே அளவுகோல். அதற்குப் பிறகே இந்திய அணியில் காலணி கட்டாயமாயிற்று.

1954 மணிலா ஆசிய விளையாட்டில் ரஹீம் இல்லை. மீண்டும் பலாய்தாஸ் சட்டர்ஜி. இந்தியா ஜப்பானை 3–2 என்று வென்றாலும், இந்தோனேசியாவிடம் 0–4 என்று தோற்று முதல் சுற்றோடு திரும்பியது. 1956 மெல்பர்னுக்கு ரஹீம் வந்தார். ஹங்கேரி விலகிக்கொண்டதால் முதல் சுற்றை ஆடாமலேயே கடந்தது இந்தியா (இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்). காலிறுதியில் ஆஸ்திரேலியாவை 4–2 என்று வென்றது. அதில் மூன்று கோல்கள் நெவில் டிசோசாவுடையவை. அரையிறுதியில் எதிர்ப்பட்டது மறுபடியும் யூகோஸ்லாவியா. இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் முதல் கோலை அடித்து முன்னிலை பெற்றது இந்தியாதான். பிறகு 1–4 என்று தோற்றது. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 0–3. ஆனாலும் ஒரே எதிரணியிடம் நான்காண்டு இடைவெளியில் 1–10 என்பது 1–4 ஆகக் குறைந்தது. இந்த ஆண்டுகளில் ரஹீமுக்குச் சார்பாகப் பேசும் மிக நேர்மையான எண் இதுவே. 1951 தங்கம் அன்று.

1958 டோக்கியோ ஆசிய விளையாட்டுதான் சோதனையின் மையம். கோஸ்வாமி, பி. கே., பலராம் மூவரும் அணியில் இருந்தார்கள். ரஹீம் இல்லை. அரையிறுதியில் தென்கொரியாவிடம் 1–3, மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் இந்தோனேசியாவிடம் 1–4. பதக்கமின்றி நான்காம் இடம். நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு அதே மூவரைக் கொண்டு, அதே தென்கொரியாவை இறுதி ஆட்டத்தில் வென்றார் ரஹீம். மூவருக்கும் இடையில் நான்காண்டு வயதும் அனுபவமும் கூடியிருந்தன என்பது உண்மை. அந்த அனுபவத்திலும் ரஹீமுக்குப் பங்குண்டு. 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவர் பயிற்சியில்தான் இந்தியா ஹங்கேரியிடம் 1–2 என்று போராடித் தோற்று, பிரான்சுடன் 1–1 என்று சமன் செய்து, பெருவிடம் 1–3 என்று தோற்றது. ஒரு வெற்றியும் இல்லை. ஆனால் பத்துக் கோல் வாங்கிய காலம் முடிந்துவிட்டது என்று அந்த மூன்று ஆட்டங்களும் காட்டின.

இதுவரை சொன்னது பாதிக் கதைதான். ‘யாருக்கு எந்த அணி கைக்கு வந்தது’ என்று கேட்கும்போது, ஆட்டக்காரர்கள் மழையைப் போல வானத்திலிருந்து வருகிறார்கள் என்ற எண்ணம் அறியாமலேயே உள்ளே புகுந்துவிடுகிறது. ரஹீம் வகையில் அது பொருந்தாது.

1909இல் பிறந்த ரஹீம் உஸ்மானியா பல்கலைக்கழகப் பட்டதாரி. ஐதராபாத்தின் பள்ளிகள் சிலவற்றில் ஆசிரியராக இருந்து, உடற்பயிற்சிக் கல்வியில் பட்டயம் பெற்றவர். 1943 முதல் இறக்கும் வரை ஐதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளர். நகரக் காவல்துறை அணியின் பயிற்றுநரும் அவரே. அந்த அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் பம்பாய் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. 1950இல் மோகன் பகானை வீழ்த்தித் துராந்த் கோப்பையையும் பெற்றது. சந்தோஷ் கோப்பையில் ஐதராபாத் 1956, 1957 ஆகிய இரு ஆண்டுகளும் வாகை சூடியது. கல்கத்தாவே இந்தியக் கால்பந்து என்று எண்ணப்பட்ட காலத்தில் இது சிறிய செய்தியன்று.

பள்ளி, நகரச் சங்கம், காவல்துறை அணி, தேசிய அணி ஆகிய நான்கு நிலைகளிலும் ஒரே மனிதர் இருந்தார் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. பதின்மூன்று வயதில் பள்ளி மைதானத்தில் பார்த்த சிறுவனைப் பத்தாண்டு கழித்து இந்திய அணியில் அவரே தேர்ந்தெடுக்க முடிந்தது. பந்தை உருட்டிக்கொண்டு தனியே ஓடுவதைத் தடை செய்து, ஒரே தொடுகையில் மற்றவருக்குத் தட்டிவிட வேண்டும் என்ற விதியுடன் போட்டிகள் நடத்தினார். வலுக்குறைந்த காலால் மட்டுமே ஆட வேண்டிய போட்டிகளும் நடத்தியிருக்கிறார். கோப்பைக்காக நடத்தப்பட்டவை அல்ல இவை. பத்தாண்டுக்குப் பின் தேவைப்படப்போகும் ஒரு பழக்கத்துக்கான விதைப்பு. 4–2–4 அமைப்பை இந்தியாவில் முதலில் கையாண்டவராக அவர் குறிப்பிடப்படுகிறார். ஒரே தொடுகையில் ஆடப் பழகாதவர்களிடம் அந்த அமைப்பைத் தந்திருந்தால் கரும்பலகைப் படத்தோடு நின்றிருக்கும்.

அவருக்கும் கைக்கு வந்த சொத்து ஒன்று இருந்தது. அது ஐதராபாத்தும் செகந்திராபாத்தும் படைமுகாம் நகரங்களாக இருந்தது. 1806இல் நிறுவப்பட்ட செகந்திராபாத்தில் ஆங்கிலேயரின் மதராஸ் படைப்பிரிவுகள் நிலைகொண்டிருந்தன. அப்படையோடும், படைக்குத் தேவையான பணிகளோடும் தமிழ்க் குடும்பங்கள் வந்து குடியேறின. கால்பந்தும் அந்தப் படைமுகாம்களின் வழியாகவே வந்தது. பெங்களூரு கண்டோன்மெண்டிலும் இதே கதைதான். வரைபடத்தில் குப்பத்தை நடுவே வைத்துப் பார்த்தால், பெங்களூரு, சென்னை, நீலகிரியின் வெலிங்டன், வடக்கே செகந்திராபாத் என்று தென்னிந்தியக் கால்பந்தின் பழைய நிலையங்கள் யாவும் படையோடு தொடர்புடையவை. மொழி எல்லைகளை அவை பொருட்படுத்தவில்லை. குப்பமே 1953 வரை சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. பிறகு ஆந்திர மாநிலம். 1956இல் ஐதராபாத்தும் இணைந்து ஆந்திரப் பிரதேசம். எல்லைகள் இப்படி நகர்ந்துகொண்டிருந்த ஆண்டுகளில்தான் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த செகந்திராபாத் இளைஞர்கள் ‘ஐதராபாத் ஆட்டக்காரர்கள்’ என்று இந்தியக் கால்பந்து வரலாற்றில் பதிவானார்கள்.

துளசிதாஸ் பலராம் அவர்களுள் ஒருவர். செகந்திராபாத் படைமுகாமை அடுத்த அம்முகுடாவில் ஏழைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். உள்ளூர் ஆட்டத்தில் அவரைக் கண்ட ரஹீம், தேர்வுக்கு ஐதராபாத் வரச் சொன்னார். வந்துபோகக் காசில்லை என்று பையன் சொல்ல, வாடகை மிதிவண்டிக்கான பணத்தை ரஹீமே கொடுத்தார் என்பதைப் பலராம் முதுமையில் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். இருபது வயதளவில் மெல்பர்ன் ஒலிம்பிக் அணியில் இடம் பெற்றார் பலராம். ரோமில் ஹங்கேரிக்கு எதிராகவும் பெருவுக்கு எதிராகவும் இந்தியாவின் கோல்களை அடித்தவர் அவர்தான்.

இப்போது பழைய கேள்வியை மறுபடி கேட்டுப் பார்க்கலாம். 1962இல் ரஹீமின் கைக்குப் பலராம் ‘வந்தார்’ என்று சொல்வது சரியா? வந்தது உண்மைதான், வரும் வழிக்கு வண்டி வாடகை கொடுத்தவரும் அவரே. பீட்டர் தங்கராஜும் செகந்திராபாத்தின் ஆட்டக்களங்களில் வளர்ந்தவர்தான். ஆனால் அவர் வகையில் கணக்கு வேறு. அவர் மதராஸ் படைப்பிரிவில் சேர்ந்து வெலிங்டன் அணிக்காக ஆடியவர். தொடக்கத்தில் முன்கள வீரராக இருந்து பின்னரே கோல்காப்பாளர் ஆனவர். அந்த மாற்றத்துக்கான புகழில் படைக்கே பெரும்பங்கு. கோஸ்வாமி கல்கத்தாவின் கொடை. ஜர்னைல் பஞ்சாபிலிருந்து கல்கத்தாவுக்கு வந்தவர். ஆக, 1962 அணியில் வளர்த்ததும் உண்டு, வாங்கியதும் உண்டு. கடன்சொல்லும் சொந்தச் சொல்லும் கலந்த ஒரு வாக்கியத்தைப் போன்றது அந்த அணி. வாக்கியத்தை அமைத்தவர் யார் என்பதே மிஞ்சும் கேள்வி.

அதற்கு விடை ஜகார்த்தாவில் கிடைக்கிறது. முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 0–2 என்று தோல்வி. தாய்லாந்துடன் 4–1 என்று வென்ற ஆட்டத்தில் தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. ஜப்பானை 2–0 என்று வென்று அரையிறுதிக்குப் போனார்கள். தலையில் கட்டுடன் தடுப்பில் நிற்க முடியாத ஜர்னைலை ரஹீம் வெளியே உட்கார வைக்கவில்லை. நடு முன்களத்துக்கு அனுப்பினார். தென்வியட்நாமுடனான அரையிறுதியில் 3–2 என்று வென்றபோது கோஸ்வாமி இரண்டு, ஜர்னைல் ஒன்று. காய்ச்சலால் ஒதுங்கியிருந்த தங்கராஜை, அவருக்குப் பதிலாக நன்றாகவே ஆடிவந்த பிரத்யுத் பர்மனை நிறுத்திவிட்டு, இறுதி ஆட்டத்தில் மீண்டும் இறக்கினார். தோற்றிருந்தால் இந்த இரண்டு முடிவுகளையும் சொல்லிச் சொல்லியே அவரைத் தூற்றியிருப்பார்கள்.

செப்டம்பர் 4, 1962. அரங்கம் முழுதும் இந்தியாவுக்கு எதிராகக் கொந்தளித்துக்கொண்டிருந்தது. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா விலக்கிவைத்ததை இந்திய விளையாட்டு நிர்வாகி ஜி. டி. சோந்தி கண்டித்திருந்ததே காரணம். முதல் இருபது நிமிடங்களுக்குள் பி. கே. ஒன்றும் ஜர்னைல் ஒன்றும் அடித்தார்கள். தென்கொரியாவால் ஆட்டம் முடியும் தறுவாயில் ஒன்றைத்தான் திருப்ப முடிந்தது. 2–1. ஒன்பது மாதம் கழித்து, 1963 ஜூன் 11 அன்று, நுரையீரல் புற்றுநோயால் ரஹீம் இறந்தார்.

அவர் விட்டுச்சென்றதை அடுத்து ஏற்றவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஹாரி ரைட். 1964 ஆசியக் கோப்பையில் இந்தியா இரண்டாம் இடம் பெற்றது. தென்கொரியாவையும் ஹாங்காங்கையும் வென்று இஸ்ரேலிடம் மட்டும் தோற்றது. ஆசியக் கோப்பையில் இந்தியாவின் மிகச் சிறந்த நிலை இன்றுவரை அதுதான். ரைட்டின் பெயருக்கு நேரே இது நிற்கிறது. நான்கே அணிகள் ஆடிய போட்டி. தகுதிச்சுற்றில் எதிரணிகள் விலகியதால் ஆடாமலேயே கிடைத்த இடம். கோஸ்வாமி தலைமையில் ரஹீம் பழக்கிய ஆட்டக்காரர்கள். இவற்றையெல்லாம் கழித்தபின் ரைட்டுக்கு என்ன மிஞ்சும் என்பதை வாசகரே மதிப்பிடலாம். கோஸ்வாமி அதன்பின் சர்வதேச ஆட்டத்திலிருந்து விலகினார். பலராம் உடல்நலக் குறைவால் முன்பே விலகியிருந்தார். 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் இந்தியா முதல் சுற்றைத் தாண்டவில்லை. ஒலிம்பிக் கால்பந்துக்கு 1960க்குப் பிறகு இந்தியா தகுதி பெறவே இல்லை. 1970 பாங்காக்கில் வெண்கலம் வந்தது. அந்த அணியின் தலைவர் சையத் நயீமுதீன். நடுக்களத்தின் உயிர் முகமது ஹபீப். இருவரும் ஐதராபாத்காரர்கள். சேமிப்பின் கடைசிப் பகுதி அது.

கல்கத்தாவில் இதே வழக்கு வேறு உருவில் ஐம்பதாண்டு நடந்தது. பி. கே. பானர்ஜியா, அமல் தத்தாவா? ரஹீமிடம் கற்ற பி. கே. 1972இல் ஈஸ்ட் பெங்காலுக்கு வந்து நான்கு ஆண்டுகளில் கோப்பைகளைக் குவித்தார். 1975 ஐஎஃப்ஏ ஷீல்டு இறுதியில் மோகன் பகானை 5–0 என்று நசுக்கியது உட்பட. ஆனால் ஈஸ்ட் பெங்கால் 1970, 1971 ஆண்டுகளிலேயே லீக் பட்டம் வென்றிருந்தது. 1970இல் ஈரானின் பாஸ் அணியை வீழ்த்தி ஷீல்டும் வென்றிருந்தது. ஓடிக்கொண்டிருந்த தேரின் வடத்தைத்தான் அவர் பிடித்தார். இப்படிச் சொல்லி முடித்துவிடலாம் என்றால் 1976 குறுக்கே வருகிறது. பி. கே. மோகன் பகானுக்கு மாறிய அந்த ஆண்டே ஈஸ்ட் பெங்காலின் ஆறாண்டு லீக் ஆதிக்கம் முடிந்து, பட்டம் மோகன் பகானுக்குப் போயிற்று. ஒருவர் இடம் மாறும்போது வெற்றியும் கூடவே இடம் மாறினால், அது அவருடையது என்று கொள்ளவே வேண்டும்.

அமல் தத்தா வேறு வகை. 1960களிலேயே சொந்தமாக இங்கிலாந்து சென்று பயிற்றுநர் படிப்பை முடித்து வந்தவர். 1969இல் மோகன் பகானுக்கு லீக் பட்டமும் ஷீல்டும் பெற்றுத் தந்தார். பிறகு பெரிய அணிகள் அவரை அழைப்பதும் அனுப்புவதுமாக இருந்தன. இடையிடையே சிறிய அணிகளுடன் காலம் கழிந்தது. பி. கே.வுக்குக் கிடைத்த ஆட்டக்காரர்கள் தத்தாவுக்குக் கிடைத்திருந்தால் என்ற பேச்சு கல்கத்தாத் தேநீர்க் கடைகளில் ஓய்ந்ததே இல்லை. அந்தப் பேச்சுக்கு 1997 ஜூலை 13 அன்று ஒரு பதில் வந்தது. ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி. சால்ட் லேக் அரங்கில் 1,31,781 பேர். தத்தாவின் மோகன் பகான் ‘வைர’ அமைப்பில் எதிரணிகளைப் புரட்டிப்போட்டு வந்திருந்தது. இந்த ஒருமுறை மெச்சப்பட்ட அணி அவரிடம்தான் இருந்தது. பி. கே.வின் ஈஸ்ட் பெங்கால் 4–1 என்று வென்றது. பைச்சுங் பூட்டியா மூன்று கோல். ஓர் ஆட்டத்தால் ஐம்பதாண்டு வழக்கு தீராது. ஆனாலும் தத்தாவின் அன்பர்கள் அந்த நாளைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

தமிழ்நாட்டுக்காரரான சைமன் சுந்தரராஜ் இவ்வரிசையில் அதிகம் பேசப்படாத பெயர். ரஹீமின் 1960 ரோம் அணியில் இடம்பெற்றவர். (அதே அணியில் ரஹீமின் மகன் ஹக்கீமும் இருந்தார்; ஓர் ஆட்டத்திலும் இறக்கப்படவில்லை. தந்தை வழிச் சொத்தைப் பற்றி ரஹீம் என்ன நினைத்தார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.) சைமன் பின்னர் பயிற்றுநராகி 1973இல் கேரளத்துக்கு அதன் முதல் சந்தோஷ் கோப்பையைப் பெற்றுத் தந்தார். எர்ணாகுளத்தில் இரயில்வேயை 3–2 என்று வென்ற அந்த இறுதி ஆட்டத்தின் மூன்று கோல்களையும் தலைவர் டி. கே. எஸ். மணி அடித்தார். அதற்குமுன் ஒருமுறைகூட வென்றிராத அணி அது. கைக்கு வந்தது எவ்வளவு, சேர்த்தது எவ்வளவு என்ற கணக்கில் சைமனின் பக்கம் பளிச்சென்று நிற்கிறது. மணியின் பெயரை அறிந்த அளவுக்குச் சைமனின் பெயரைத் தமிழ்நாடு அறியாதது வியப்புக்குரியதன்று. பயிற்றுநர்களின் விதி பொதுவாக அதுதான்.

அண்மைக் காலத்தில் சென்னையிலேயே ஒரு சிறிய சோதனை நடந்தது. ஜான் கிரகரியின் பயிற்சியில் சென்னையின் எஃப்சி 2017–18 பருவத்தில் ஐஎஸ்எல் பட்டம் வென்றது. அடுத்த பருவத்தில் அதே பயிற்றுநர், பெரும்பாலும் அதே ஆட்டக்காரர்கள். 18 ஆட்டங்களில் 9 புள்ளி, கடைசி இடம். மூன்றாம் பருவத்தின் நடுவே கிரகரி விலக, ஓவன் காயில் வந்தார். கிரகரியின் காலத்தில் சேர்க்கப்பட்டிருந்த கிரிவெல்லாரோவும் வால்ஸ்கிஸும் திடீரென வேறு ஆட்டக்காரர்கள் ஆனார்கள். 2020 மார்ச்சில் அணி இறுதி ஆட்டம் வரை சென்று ஏடிகேயிடம் தோற்றது. நல்ல ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தவர் ஒருவர், ஆடவைத்தவர் இன்னொருவர். இரண்டும் வேறு திறன்கள். ரஹீமை அளக்கும்போது பலர் இவ்விரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்கிறார்கள். அவருக்கோ அவற்றோடு மூன்றாவது ஒன்றும் வாய்த்திருந்தது: பத்தாண்டுக்கு முன்பே அந்த ஆட்டக்காரர் உருவாகும் இடத்தில் நின்றிருப்பது.

அந்த இடம் அவருக்குப் பின் காலியாயிற்று. 1965இல், அவர் இறந்து இரண்டாண்டு கழித்து, ஆந்திரப் பிரதேசம் சந்தோஷ் கோப்பையை வென்றது. அந்த அணியின் பயிற்றுநர் வரிசையில் ரஹீமின் பெயர் இருக்க வழியில்லை. அதற்குப் பிறகு அம்மாநிலம் அக்கோப்பையை வென்றதில்லை. 2014இல் பிரிந்தபின் ஐதராபாத்தைத் தன்னிடம் கொண்ட தெலங்கானாவும் வென்றதில்லை.